பணம் கேட்டு வரும் ஹானர் சொசைட்டி அழைப்பு: சேரும் முன் சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கச் சென்று முதல் செமஸ்டரை நல்ல ஜிபிஏயுடன் முடித்த மாணவருக்கும், அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கும், ஏறத்தாழ ஒரே தொனியில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று என்றாவது ஒருநாள் வந்து சேரும். கல்வியில் சிறந்து விளங்கியமைக்காக இன்ன ஹானர் சொசைட்டியின் உறுப்பினராக நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள் என்று பாராட்டித் தொடங்கி, இத்தனை டாலரை இன்ன தேதிக்குள் செலுத்தி இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள் என்று அது முடியும். இத்தகைய அழைப்புகளில் உண்மையான கௌரவமும் உண்டு; பெயரளவுக்குச் சான்றிதழ் விற்கும் வணிகமும் உண்டு; இவ்விரண்டுக்கும் நடுவே, மோசடி என்று சொல்ல முடியாத, ஆனால் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகப் பெரிதாக எதுவும் தராத அமைப்புகளும் நிறைய உண்டு. புதிதாக வந்தவர்களால் இவற்றைப் பிரித்தறிய முடியாமல் போவதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழக ரேங்க், தங்கப் பதக்கம் போன்றவை பல்கலைக்கழகமே அளிப்பவை. அவற்றைப் பெற எவரும் உறுப்பினர் கட்டணம் கட்டுவதில்லை. அமெரிக்காவிலும் டீன்ஸ் லிஸ்ட், பட்டத்துடன் வரும் கும் லாடே போன்ற சிறப்புகள் அப்படிப்பட்டவையே. ஹானர் சொசைட்டிகளோ பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனியாக இயங்கும் சங்கங்கள். கல்லூரிகளில் கிளை வைத்து, அக்கிளைகளின் வழியாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. இவற்றுள் மிகப் பழையதான பை பீட்டா காப்பா, 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தொடங்கப்பட்டது. பொறியியலுக்கான டௌ பீட்டா பை 1885இல் லீஹாய் பல்கலைக்கழகத்திலும், எல்லாத் துறையினரையும் சேர்த்துக்கொள்ளும் பை காப்பா பை 1897இல் மெயின் பல்கலைக்கழகத்திலும் பிறந்தன. இந்த நற்பெயரின் நிழலில்தான் மற்றவை வளர்கின்றன; இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகளையோ, 'நேஷனல்', 'ஸ்காலர்ஸ்' போன்ற சொற்களையோ சேர்த்து ஒரு பெயரை வைத்துக்கொள்ள எவருடைய அனுமதியும் தேவையில்லை.

சரிபார்க்கத் தொடங்கும்முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கட்டணம் கேட்பதை மட்டும் வைத்து ஓர் அமைப்பைப் போலி என்று தள்ளிவிட முடியாது. மேலே சொன்ன மூன்று சங்கங்களும் சேர்க்கைக் கட்டணம் வாங்குகின்றன. "பணம் கேட்டால் ஏமாற்று வேலை" என்று சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்பி, டௌ பீட்டா பையின் அழைப்பைக் குப்பையில் போட்டுவிடக்கூடாது. கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: என் மதிப்பெண் இவர்களுக்கு எப்படித் தெரியும்? இனி வரும் படிகளெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன.

முதற்படி: கடிதத்தைப் படித்தல்

பணம் செலுத்தும் இணைப்பைத் தொடாமல், கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தபாலில் வந்திருந்தால் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையைப் போலத் தடித்த காகிதத்தில், பொன்னிற முத்திரையோடு இருக்கும். முத்திரையை அச்சகத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அதை விட்டுவிட்டு, வாசகங்களைக் கவனியுங்கள். உண்மையான கிளையின் அழைப்பில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர், கிளையின் பெயர், அதற்குப் பொறுப்பான பேராசிரியர் அல்லது அலுவலரின் பெயர், தேர்வுக்கான அளவுகோல் ஆகியவை பொதுவாக வெளிப்படையாக இருக்கும். பை காப்பா பையை எடுத்துக்கொண்டால், மூன்றாம் ஆண்டு இளநிலை மாணவர்களில் முதல் 7.5 சதவீதத்தினர், இறுதியாண்டு மற்றும் முதுநிலை மாணவர்களில் முதல் 10 சதவீதத்தினர் என்று வரம்பு எண்ணாகவே சொல்லப்பட்டிருக்கிறது. டௌ பீட்டா பையில் மூன்றாம் ஆண்டினரில் எட்டில் ஒரு பங்கினர், இறுதியாண்டினரில் ஐந்தில் ஒரு பங்கினர்.

வணிகக் கடிதத்தில் இப்படி எண் எதுவும் இருக்காது. "உயர்ந்த சாதனையும் தலைமைப் பண்பும் கொண்டவர்" என்பதுபோல எவருக்கும் பொருந்தும் சொற்கள் இருக்கும். "பரிந்துரைக்கப்பட்டுள்ளீர்கள்" என்று இருக்கும், பரிந்துரைத்தவர் யார் என்று இருக்காது. உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டதாக ஓர் அழைப்பு எண்ணும், அருகிலேயே ஒரு கெடுவும் இருக்கும். கெடு முடிந்த பிறகு "உங்களுக்காக ஒரு வாரம் நீட்டித்துள்ளோம்" என்று இன்னொரு மின்னஞ்சல் வந்தால், முதலில் சொன்ன கெடுவில் உண்மை இல்லை என்பது உறுதியாகிவிடும். மின்னஞ்சலில் வந்ததென்றால் அனுப்பியவரின் முகவரியையும் பாருங்கள். 'டாட் இடியு' என்று முடியும் முகவரி 2001 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே புதிதாக வழங்கப்படுகிறது. 'டாட் ஆர்க்' அப்படியன்று. பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். அது இலாப நோக்கற்ற அமைப்பு என்பதற்குச் சான்று ஆகாது.

இரண்டாம் படி: மதிப்பெண் எப்படித் தெரிந்தது?

அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் மாணவர்களின் பதிவுகளை யாருக்குக் காட்டலாம் என்பதை, ஃபெர்பா எனப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. இச்சட்டத்தில் டைரக்டரி தகவல் என்று ஒரு வகை உண்டு. பெயர், முகவரி, மின்னஞ்சல், படிக்கும் துறை, பெற்ற விருதுகள் போன்றவை அதில் அடங்கும். மாணவர் முன்கூட்டியே மறுப்புத் தெரிவிக்காவிட்டால், பல்கலைக்கழகம் இவற்றை வெளியாருக்குத் தரலாம். ஜிபிஏ இந்த வகையில் சேராது. ஆகவே, பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளி அமைப்பு ஒன்று உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் முறைப்படியே பெற்றிருக்கலாம். உங்கள் ஜிபிஏயைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்று அது சொன்னால் மட்டும் நம்புவதற்கு இடமில்லை. உங்கள் மதிப்பெண்ணை அறிந்தவர்கள் இருவரே: பல்கலைக்கழகமும் நீங்களும். ஒன்று, பல்கலைக்கழகத்தின் உள்ளிருந்தே கிளையை நடத்தும் பேராசிரியரோ அலுவலகமோ பட்டியல் எடுத்திருக்க வேண்டும். அல்லது ஏதோவொரு வேலைத் தளத்திலோ கருத்தாய்விலோ நீங்களே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

சேரும் பக்கத்திலேயே "உங்கள் ஜிபிஏ எவ்வளவு?" என்று ஒரு கட்டம் இருந்தால் இந்தப் படி அங்கேயே முடிந்துவிடுகிறது. சாதனைக்காக ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று சொல்பவர், சாதனை என்னவென்று உங்களிடமே கேட்கிறார்.

மூன்றாம் படி: வளாகத்தில் விசாரித்தல்

முழுச் சரிபார்ப்பிலும் அதிகப் பயனுள்ளதும் குறைந்த நேரம் பிடிப்பதும் இதுதான் என்பது என் கருத்து. ஆனால் புதிதாக வந்தவர்கள் "இதற்கெல்லாம் போய் டீன் அலுவலகத்தைத் தொந்தரவு செய்வதா" என்று தயங்கி இதைத்தான் தவிர்க்கிறார்கள். இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வது அந்த அலுவலகங்களின் அன்றாட வேலை. அமைப்பின் இணையதளத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்துக்குச் சென்று, மாணவர் அமைப்புகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளருக்கோ, டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அலுவலகத்துக்கோ அழைப்பின் நகலை இணைத்து ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தச் சங்கத்துக்கு நம் வளாகத்தில் இயங்கும் கிளை உள்ளதா, அதன் பொறுப்புப் பேராசிரியர் யார், இந்த அழைப்பு உங்களுக்குத் தெரிந்துதான் அனுப்பப்பட்டதா என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கிளை உண்மையாகவே இருக்க, அதன் பெயரைப் பயன்படுத்தி வேறொருவர் அனுப்பிய போலி மின்னஞ்சலாகவும் அது இருக்கக்கூடும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. பட்டமளிப்பு விழாவில் அங்கியின் மேல் வண்ணக் கயிறும் ஸ்டோலும் அணிந்து மாணவர்கள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தெந்தச் சங்கங்களின் கயிறுகளை அணியலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் பட்டியல் வெளியிடுகின்றன. அப்பட்டியலில் இல்லாத சங்கத்திடம் கூடுதல் பணம் கட்டி வாங்கிய கயிறு, விழா நாளில் பையிலேயே இருக்க நேரிடும்.

நான்காம் படி: வெளிப்பட்டியல்கள்

வளாகத்தில் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அசோசியேஷன் ஆஃப் காலேஜ் ஹானர் சொசைட்டீஸ் என்ற கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். 1925இல் தொடங்கப்பட்ட இந்தக் கூட்டமைப்பு, உறுப்புச் சங்கங்களுக்குக் குறைந்தபட்ச வரம்புகளை விதித்துள்ளது: எல்லாத் துறைக்கும் பொதுவான சங்கமானால் வகுப்பின் முதல் 20 சதவீதத்தினரும், தனித்துறைச் சங்கமானால் முதல் 35 சதவீதத்தினரும் மட்டுமே தகுதி பெறுவர். பட்டியலில் இருப்பது நல்ல அறிகுறி. இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்; பை பீட்டா காப்பாவே அதில் இல்லை.

துறைவாரியான சங்கங்களைத் தெரிந்து வைத்திருப்பதும் உதவும். மின் மற்றும் கணினிப் பொறியியலில் 1904இல் தொடங்கிய ஈட்டா காப்பா நூ இப்போது அத்துறைப் பொறியாளர்களின் சங்கமான ஐட்ரிபிள்இயின் ஓர் அங்கம். கணினி அறிவியலுக்கு உப்சிலான் பை எப்சிலான். செவிலியருக்குச் சிக்மா தீட்டா டௌ. வணிக மேலாண்மைக்கு பீட்டா காமா சிக்மா. கடைசியாகச் சொன்னது, ஏஏசிஎஸ்பி அங்கீகாரம் பெற்ற வணிகப் பள்ளிகளில் மட்டுமே கிளை வைத்துள்ளது என்பதால், உங்கள் கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு 1918இல் தொடங்கிய பை தீட்டா காப்பா முக்கியமானது. நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்பவர்களில் அதன் உறுப்பினர்களுக்கென்றே பல கல்லூரிகள் உதவித்தொகை ஒதுக்குகின்றன. நீங்கள் படிக்கும் கல்லூரியில் அதற்குக் கிளை இருந்து அழைப்பு வந்தால், கட்டணத்துக்கு உரிய பலன் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு.

ஐந்தாம் படி: பணம் எங்கே போகிறது?

தன்னை இலாப நோக்கற்ற அமைப்பு என்று சொல்லிக்கொள்ளும் சங்கமானால், அமெரிக்க வருவாய்த் துறையின் இணையதளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் உள்ளது. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனமும் இந்த ஆவணங்களை இலவசமாகப் படிக்கும்படி திரட்டி வைத்துள்ளது. தேட வேண்டியது படிவம் 990. மிகச் சிறிய அமைப்புகளுக்குச் சுருக்கப் படிவமே போதும் என்றாலும், நாடெங்கும் கடிதம் அனுப்பும் அளவுக்குப் பெரிய அமைப்பு முழுப் படிவத்தையே தாக்கல் செய்தாக வேண்டும். பக்கம் பக்கமாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், முதற்பக்கமே போதும். அதில் 12ஆம் வரி மொத்த வருவாய். 13ஆம் வரி, உதவித்தொகை முதலாக வழங்கிய கொடைகள். 15ஆம் வரி, சம்பளமும் பணியாளர் சலுகைகளும். 17ஆம் வரி, விளம்பரமும் அஞ்சல் செலவும் சேர்ந்த இதர செலவுகள். 12ஐயும் 13ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஆண்டுக்கு 50,000 பேரிடம் தலைக்கு 90 டாலர் வாங்கும் சங்கத்துக்கு 45 இலட்சம் டாலர் சேரும். அது "நூறு மாணவர்களுக்கு ஆயிரம் டாலர் உதவித்தொகை" என்று கடிதத்தில் பெருமையாக எழுதினால், செலவு ஓர் இலட்சம் டாலர்தான். ஐந்நூறில் ஒருவருக்கு உதவித்தொகை கிடைக்கும். சராசரி பார்த்தால், 90 டாலர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் திரும்பி வருவது 2 டாலர். இதில் சட்டமீறல் எதுவும் இருக்க வேண்டியதில்லை. சட்டப்படி சரியாக நடக்கும் அமைப்பு என்பதும், உங்கள் பணத்துக்குத் தகுதியான அமைப்பு என்பதும் வேறு வேறு.

நிறுவனமாகவே பதிவு பெற்று இலாபத்துக்கு நடத்தப்படும் சங்கங்களும் உண்டு. அவற்றுக்குப் படிவம் 990 இருக்காது. அப்போது கட்டணப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்து, கட்டணம் ஒருமுறை மட்டும்தானா, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் அட்டையிலிருந்து தானாகவே எடுக்கப்படுமா என்று பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ, பாஸ்போர்ட் அல்லது ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்வி நிறுவனம் தரும் படிவம்) நகலையோ கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரு மாணவர் சங்கத்துக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது.

ஆறாம் படி: சொல்லப்படும் பலன்களைச் சோதித்தல்

கடிதங்களில் மூன்று பலன்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. கடன் அட்டைத் தள்ளுபடி, காப்பீட்டுச் சலுகை போன்றவை முதல் வகை. இவற்றுக்காக எவரும் சேர வேண்டியதில்லை. அமெரிக்க மத்திய அரசு வேலையில் ஜிஎஸ்-5 என்ற ஊதிய நிலைக்குப் பதிலாக, அதைவிட உயர்ந்த ஜிஎஸ்-7 நிலையில் சேரலாம் என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது, நிபந்தனையும் இருக்கிறது. சங்கம் மேலே சொன்ன கூட்டமைப்பின் குறைந்தபட்ச வரம்புகளை நிறைவு செய்ய வேண்டும், முதலாண்டு மாணவர்களுக்கான சங்கம் கணக்கில் வராது, ஜிபிஏ 3.0 அல்லது வகுப்பின் முதல் மூன்றில் ஒரு பங்கில் இடம் இருந்தால், சங்கமே இல்லாமலும் இதே சலுகையைக் கோரலாம். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவருக்கோ, அந்த வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை கேட்பவை என்பதால், இது ஏட்டுச் சுரைக்காய்தான்.

மூன்றாவது, கடிதத்தில் நேரடியாக இல்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் பரவுவது: இத்தகைய உறுப்பினர் பதவி பின்னாளில் ஈபி-1 வகையில் கிரீன் கார்டுக்கு உதவும் என்பது. அவ்வகையில், தம் துறையில் தனிச்சிறப்பான சாதனை புரிந்தவர்களை மட்டுமே, துறை வல்லுநர்கள் மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகளில் உறுப்பினராக இருப்பது ஒரு சான்றாக ஏற்கப்படுகிறது. கட்டணம் செலுத்துவதாலோ கல்வித் தகுதியாலோ மட்டும் கிடைக்கும் உறுப்பினர் பதவி அதற்குப் போதாது என்று குடியேற்றத் துறையின் கொள்கைக் கையேடே சொல்கிறது. வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கும் மாணவர் சங்கங்கள், மிக நல்லவை உட்பட, இந்தக் கணக்கில் வரமாட்டா.

ரெஸ்யூமேயைப் பொறுத்தவரை, உங்கள் துறையின் சங்கம் என்றால் ஒரு வரி எழுதலாம். பெயரைப் பார்த்தவுடன் துறையைச் சேர்ந்தவர்களுக்குப் புரியும். பெயர் தெரியாத சங்கத்தின் வரி இருக்கும் இடத்தில் ஒரு புராஜெக்டை எழுதுவது மேல். துறைச் சங்கத்தில் சேர்வதென்றாலும், அதன் வளாகக் கிளை கூட்டங்கள் நடத்துகிறதா, நிறுவனங்களை அழைத்து வருகிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் சுறுசுறுப்பாக இயங்கும் அதே சங்கத்தின் கிளை, இன்னொன்றில் பெயரளவில் மட்டும் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் கடிதம்

பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான். நேஷனல் ஹானர் சொசைட்டி என்பது பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கத்தால் 1921இல் தொடங்கப்பட்டது. அதில் சேரும் வழி ஒன்றே ஒன்று: பிள்ளை படிக்கும் பள்ளியின் கிளை. மதிப்பெண், சேவை, தலைமை, நன்னடத்தை ஆகிய நான்கையும் பார்த்து, பள்ளியின் ஐந்து ஆசிரியர்கள் அடங்கிய குழு தேர்ந்தெடுக்கிறது. ஆகவே அதை ஒத்த பெயருடன் வீட்டுக்கு நேராக வந்து, இணையத்தில் பணம் கட்டச் சொல்லும் கடிதம், எந்த அமைப்புடையதாக இருந்தாலும் இந்தச் சங்கத்துடையதன்று. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வின் அடிப்படையில் அறிவிக்கப்படும் நேஷனல் மெரிட்டும் வேறு. அங்கீகாரத்தைப் பெற அதில் உறுப்பினர் கட்டணம் கிடையாது, செய்தியும் பள்ளி வழியாகவே வரும்.

அப்படியானால் வீட்டு முகவரி எப்படிக் கிடைத்தது? பெரும்பாலும் தேர்வுப் பதிவின்போதோ, கல்லூரித் தேடல் தளங்களிலோ, "எனக்குத் தகவல் அனுப்பலாம்" என்ற கட்டத்தில் பிள்ளைகள் டிக் செய்துவிடுவதால்தான். இப்படித் திரட்டப்பட்ட விவரங்கள் கைமாறியதுண்டு. பள்ளி நேரத்தில் தேர்வெழுதிய மாணவர்களின் விவரங்களைப் பகிர்ந்து பணம் ஈட்டியது தொடர்பாக, 2024 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 7,50,000 டாலர் செலுத்த, பிஎஸ்ஏடி, எஸ்ஏடி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு ஒப்புக்கொண்டது. தாத்தா பாட்டிக்கு அனுப்ப அழகான சான்றிதழ் கிடைக்குமே என்று பணம் கட்டுபவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம். ஆனால் கல்லூரி விண்ணப்பத்துக்கென்று கட்டுவதாக இருந்தால், பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் சிறப்புகளைக் குறிப்பிட ஐந்தே இடங்கள் இருப்பதையும், அவற்றைப் படிக்கும் அலுவலர்கள் இந்தப் பெயர்களை ஆண்டுதோறும் பார்ப்பவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எதற்கும் முன், மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கடிதத்தைக் காட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால்

முதலில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள். உறுப்பினர் பக்கத்தில் அதற்கு வழி தெரியாவிட்டால், நிறுத்தும்படி மின்னஞ்சல் அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பது அந்தந்தச் சங்கத்தின் நிபந்தனைகளில்தான் இருக்கும். வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கியதை மூன்று நாளில் ரத்து செய்ய உதவும் மத்திய விதி, இணையத்தில் செலுத்திய பணத்துக்குப் பொருந்தாது. நீங்கள் சம்மதிக்காத தொகை கிரெடிட் கார்டில் ஏறியிருந்தால், அது முதலில் இடம்பெற்ற ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். டெபிட் கார்டில் இந்தப் பாதுகாப்பு குறைவு என்பதால், இப்படிப்பட்ட இடங்களில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. பொய்யான வாக்குறுதி தந்து பணம் பறிக்கப்பட்டதாகத் தோன்றினால், ஃபெடரல் டிரேட் கமிஷனின் மோசடிப் புகார் பக்கத்திலும், நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திலும் புகார் செய்யலாம். விசாவில் இருப்பவர்களும் தயங்காமல் புகார் கொடுக்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் கொடுத்துவிட்டிருந்தால், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் தனித்தனியே கடன் பதிவை முடக்கி வையுங்கள். 2018 முதல் இதற்குக் கட்டணம் இல்லை. புதிய கார்டுக்கோ கார் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது நீங்களே தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.